எண் மாறுபட்டால் சென்சார் பொய்யாகிவிடுமா?

மேல்கையின் பின்புறம் வெள்ளை வட்டமாகச் சர்க்கரை சென்சார் ஒட்டியிருப்பவர்களை இப்போது சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயிலிலும் பார்க்கலாம், தேக்கா சந்தையிலும் பார்க்கலாம். அது பரவிய வேகத்திலேயே அதைப் பற்றிய ஒரு தீர்ப்பும் பரவிவிட்டது. சென்சார் ஒரு எண்ணைக் காட்டுகிறது. அதே நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தால் வேறு எண் வருகிறது. ஆகவே சென்சார் பொய் சொல்கிறது. பொய் சொல்லும் கருவிக்குக் காசைக் கொட்டுவது வீண். சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடைகளிலும் உறவினர் கூடும் விருந்துகளிலும் பேசப்படும் இந்தக் கருத்தைப் படித்தவர்களும் மறுபேச்சின்றி ஏற்கிறார்கள். இதைச் சொல்பவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டு எண்களையும் தம் கண்ணாலேயே பார்த்தவர்கள் அவர்கள். பார்த்த வேறுபாடு உண்மை. அதிலிருந்து எட்டிய முடிவுதான் தவறு. சென்சாரில் பிழை உண்டு; சில வேளைகளில் ஆபத்தான பிழையும் உண்டு. ஆனால் அந்தப் பிழைகளுக்குக் காரணங்கள் இருக்கின்றன. அவை வகை பிரிக்கக்கூடியவை. பெரும்பாலானவற்றைக் கண்டுகொள்ள எளிய வழியும் இருக்கிறது. பிழை இருக்கிறது என்பதற்காகக் கருவியைக் கழற்றி எறிவதைவிட, பிழையைப் படிக்கக் கற்றுக்கொள்வதே உயிரைக் காக்கும் என்பதை ஆதாரங்களோடு நிறுவுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இதை ஒரு கருவியின் நிறைகுறை பற்றிய சில்லறைத் தகராறாக எண்ணக் கூடாது. 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி சிங்கப்பூரில் 18 முதல் 69 வயது வரையிலானவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனரிடையே அது 9.7, மலாய்க்காரரிடையே 16.6, இந்தியரிடையே 17.2 விழுக்காடு. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. மறு ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில், அன்றைய பிரதமர் லீ சியன் லூங் நாடு எதிர்நோக்கும் மூன்று பெரிய விவகாரங்களுள் ஒன்றாக நீரிழிவை எடுத்துக்கொண்டார். 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு இந்நோய் இருப்பதாகச் சொன்னார். நம் வீடுகளில் தாத்தா பாட்டி, அத்தை மாமா என்று எண்ணினால் அந்தக் கணக்கு உடனே விளங்கும். நாட்டிலேயே இந்நோயை மிகுதியாகச் சுமக்கும் சமூகம், அதைக் கண்காணிக்கும் கருவியைப் பற்றித் தவறான முடிவுக்கு வந்தால், இழப்பும் அந்தச் சமூகத்துக்கே மிகுதி.

அந்தத் தீர்ப்பு ஓர் எடுகோளின் மேல் நிற்கிறது: விரலில் குத்தி எடுக்கும் எண்ணே மெய், மற்றதெல்லாம் அதோடு ஒத்துப்போக வேண்டும். இந்த எடுகோளைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். வீட்டில் பயன்படுத்தும் குளுக்கோமீட்டருக்கு ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. ஐஎஸ்ஓ 15197 என்பது அதன் பெயர், 2013இல் திருத்தப்பட்டது. இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 5.6 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், ஆய்வுக்கூட முடிவிலிருந்து 0.83 வரை கூடியோ குறைந்தோ காட்டலாம். அதற்கு மேலே இருந்தால் 15 விழுக்காடு வரை மாறலாம். நூறு அளவீடுகளில் 95 இந்த எல்லைக்குள் வந்தால் போதும் என்கிறது அந்தத் தரம். இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். உண்மையான அளவு 10 என்றால், ஒரு மீட்டர் 8.5 காட்டலாம், இன்னொன்று 11.5 காட்டலாம். மூன்று மில்லிமோல் வேறுபட்டும் இரண்டு மீட்டர்களும் தரத்துக்கு உட்பட்டவையே. சென்சார் ஒரு மில்லிமோல் மாறினாலே பொய் என்று தள்ளுபவர், தம் மீட்டருக்கு அதைவிடப் பெரிய சலுகையைத் தாம் அறியாமலே கொடுத்துவருகிறார்.

மீட்டரின் எல்லைக்குள் அடங்காத பிழைகளும் விரலிலேயே இருக்கின்றன. பழத்தை உரித்த கையோடு குத்தினால் தோலில் ஒட்டிய பழச்சர்க்கரை இரத்தத் துளியில் கலந்து எண்ணை எங்கோ கொண்டுபோய்விடும். 2011இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வு ஆரஞ்சு, திராட்சை, கிவி ஆகியவற்றை உரிக்கச் செய்து இதைச் சோதித்தது. ஆல்கஹால் பஞ்சால் துடைத்த பிறகும் பொய்யான உயர்வு நீடித்தது; குழாய் நீரில் கையைக் கழுவிய பிறகுதான் சரியான அளவு வந்தது. பஃபலோ ரோட்டுக் கடையில் மாம்பழத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, பஞ்சால் ஒரு தடவு தடவிக் குத்திக்கொள்பவரின் எண்ணுக்கும் இது பொருந்தும். இரத்தச்சோகை போன்று இரத்த அணுக்களின் விகிதம் மாறும் நிலைகளும், காலாவதியான அல்லது ஈரப்பதம் ஏறிய ஸ்ட்ரிப்பும் மீட்டரைப் பாதிக்கும். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி சோதனையும் இதற்கு விலக்கல்ல. இரும்புச்சத்துக் குறைவு அதைப் பொய்யாக உயர்த்தக்கூடும். தலசீமியா போன்ற பரம்பரை இரத்தக் குறைபாடுகளும் இரத்த இழப்பும் அதைத் திரித்துவிடும். பிழையற்ற அளவீடு நோயாளியின் கைக்கு எட்டும் தூரத்தில் எங்குமே இல்லை. ஆகவே பிழை இருக்கிறதா என்ற கேள்வியால் பயனில்லை. எவ்வளவு, எப்போது, எந்தப் பக்கம் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டாவதாக, சென்சாரும் ஸ்ட்ரிப்பும் ஒரே பொருளை அளப்பதில்லை. ஸ்ட்ரிப் அளப்பது நுண்குழாய் இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை. தோலுக்கடியில் செருகிய மெல்லிய இழையைக் கொண்ட சென்சார் அளப்பது, திசுக்களின் செல்களுக்கு இடையே உள்ள நீரில் இருக்கும் சர்க்கரையை. இரத்தத்திலிருந்து அந்த நீருக்குச் சர்க்கரை போய்ச் சேர நேரம் பிடிக்கும். பொதுவாக ஐந்து முதல் பத்து நிமிடம், சில வேளைகளில் அதற்கு மேலும். சர்க்கரை நிலையாக இருக்கும்போது இந்தத் தாமதம் தெரியாது. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் தெரியும். கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கைக் குடித்த பிறகு நிமிடத்துக்கு 0.1 மில்லிமோல் வீதம் சர்க்கரை ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத் தாமதம் என்றால் ஒரு மில்லிமோல் வேறுபாடு. விரலில் 10.5, சென்சாரில் 9.5, இரண்டும் சரி. இறங்கும்போது இது தலைகீழாகும்: சென்சார் கூடுதலாகவும் விரல் குறைவாகவும் காட்டும். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, கருவி கெட்டுவிட்டது என்று முடிவு செய்பவர்கள், ஒப்பிடவே கூடாத நேரத்தில் ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட்டே ஆக வேண்டுமானால் உணவுக்கு முன், சென்சாரின் அம்புக்குறி கிடைமட்டமாக இருக்கும் நேரத்தில், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும். அப்போதும் பத்துப் பதினைந்து விழுக்காடு வேறுபாடு இருந்தால் அது இரு கருவிகளின் இயல்பான எல்லைக்குள் அடங்கும்.

எஞ்சியிருக்கும் பிழைகளில் பெரும்பகுதிக்கு முகம் உண்டு, முகவரியும் உண்டு. முதல் நாள் பிழை அவற்றில் ஒன்று. இழையைச் செருகியதும் உடல் அதைச் சிறு காயமாகவே எதிர்கொள்கிறது. அந்த இடம் அடங்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். முதல் 12 மணி நேரத்துக்குச் சென்சாரை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று சில மாடல்களில் தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். ஒட்டிய அன்றே மூன்று முறை குத்திப் பார்த்து நிராகரிப்பது, அதன் மிக மோசமான நாளை வைத்து அதை எடைபோடுவதாகும். அடுத்தது அழுத்தப் பிழை. சென்சார் ஒட்டிய கையின் மேல் படுத்துத் தூங்கினால் அங்கே நீரோட்டம் குறையும். எண் சடாரென விழும். நள்ளிரவில் அலாரம் அலறும். புரண்டு படுத்த சிறிது நேரத்தில் தானே ஏறிவிடும். வரைபடத்தில் செங்குத்தாக விழுந்து செங்குத்தாக எழும் அந்தப் பள்ளத்தை ஒரு முறை அடையாளம் கண்டவருக்கு மறுமுறை குழப்பம் வராது. மூன்றாவது மருந்துப் பிழை. சில சென்சார்களில், நாளொன்றுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் எண் பொய்யாக உயரும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் 1000 மில்லிகிராம் மாத்திரையைச் சளிக்கு மருந்தாகத் தினமும் குடிப்பவர்கள் இங்கே ஏராளம். வேறு வகைச் சென்சார்களின் பழைய மாடல்களைப் பாரசிட்டமால் குழப்பியது. நான்காவது ஒட்டுப் பிழை: சிங்கப்பூரின் புழுக்கத்தில் வியர்வையால் ஓரம் கிளம்பிய சென்சாரின் இழை சரியான ஆழத்தில் இருக்காது. இவை எவையும் மர்மமல்ல. ஒவ்வொன்றுக்கும் மாற்று உண்டு: முதல் நாள் காத்திருப்பது, படுக்கும் பக்கத்தை மாற்றுவது, மாத்திரைகளை மருந்தாளரிடம் சொல்லிக் கேட்பது, ஓரத்தை மேல்பட்டையால் பாதுகாப்பது.

இத்தனை சிரமப்பட்டு இதை ஏன் வைத்திருக்க வேண்டும், நாலு முறை குத்திப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். நாலு முறை குத்துவது நாலு நிமிடங்களைக் காட்டும். அவற்றுக்கு இடையில் நடந்ததைக் காட்டாது. காலையில் 6.5, இரவில் 7.2 என்று நோட்டில் நல்ல எண்களாக எழுதிவைத்திருப்பவருக்கு மதியச் சோற்றுக்குப் பிறகு 15ஐத் தொட்டு வந்திருக்கலாம். அதிகாலை மூன்று மணிக்கு 3.2க்கு இறங்கியிருக்கலாம். அதைவிட முக்கியமானது திசை. 5.0 என்ற எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. கிடைமட்ட அம்போடு வந்த 5.0 நிம்மதியானது, கீழ்நோக்கிய அம்போடு வந்த 5.0, இன்சுலின் போட்டவருக்குச் சற்று நேரத்தில் மயக்கம் வரலாம் என்ற எச்சரிக்கை. 2019இல் சர்வதேச நிபுணர் குழு வகுத்த வழிகாட்டுதல் இதனால்தான் தனி எண்களை விட்டுவிட்டு, ஒரு நாளில் எவ்வளவு நேரம் 3.9க்கும் 10.0க்கும் இடையில் சர்க்கரை இருக்கிறது என்று கேட்கிறது. பெரியவர்கள் பெரும்பாலோருக்கு 70 விழுக்காட்டுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 17 மணி நேரம். முதியோருக்கும் தாழ் சர்க்கரை ஆபத்து உள்ளோருக்கும் 50 விழுக்காடு போதும், ஆனால் 3.9க்குக் கீழே ஒரு விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. பதினான்கு நாள் தரவில் ஆயிரக்கணக்கான அளவீடுகள் சேரும்போது, ஒன்று கூடியும் ஒன்று குறைந்தும் வரும் சிதறிய பிழைகள் பெருமளவு ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். ஒரே பக்கமாகச் சாயும் பிழை அப்படி அழியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அவ்வப்போது விரலில் குத்த வேண்டும். சென்சாரும் ஸ்ட்ரிப்பும் எதிரெதிர்க் கட்சிகள் என்று பேசுவதே பிழையான பேச்சு. ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது.

இந்த வாதத்துக்கு மிக வலுவான எதிர்வாதம் 2025 நவம்பரில் வந்தது. அபோட் நிறுவனம் தன் ஃப்ரீஸ்டைல் லிப்ரே 3, லிப்ரே 3 பிளஸ் சென்சார்களில் குறிப்பிட்ட தொகுதிகள் நீண்ட நேரத்துக்குப் பொய்யாகக் குறைந்த எண்ணைக் காட்டக்கூடும் என்று அறிவித்தது. ஓர் உற்பத்தி வரிசையில் நேர்ந்த கோளாறு அது; அமெரிக்காவில் மட்டும் சுமார் 30 லட்சம் சென்சார்கள் அதில் அடங்கின. உலகளவில் 736 கடுமையான பாதிப்புகளும் 7 இறப்புகளும் இதனோடு தொடர்புடையவையாக இருக்கலாம் என நிறுவனமே தெரிவித்தது. பொய்த் தாழ்வு சிறிய விஷயமல்ல. குறைந்துவிட்டதென்று நம்பி இனிப்பைச் சாப்பிடுவார்கள். போட வேண்டிய இன்சுலினைத் தவிர்ப்பார்கள். உயர்ந்திருக்கும் சர்க்கரை மேலும் உயரும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும், கழற்றி எறியுங்கள் என்று சிலர் சொல்லும்போது அவர்களது அச்சம் நியாயமானதே. ஆனால் இந்தச் சம்பவம் உண்மையில் எதை நிறுவுகிறது? எந்தச் சென்சாரின் எண்ணையும் தனித்து நின்று உயிர் பற்றிய முடிவெடுக்கும் தகுதியுள்ளதாகக் கொள்ளக் கூடாது என்பதை. உடல் ஒன்று சொல்லி எண் இன்னொன்று சொன்னால் விரலில் குத்திப் பார் என்ற விதி எவ்வளவு இன்றியமையாதது என்பதை. வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை, மணிக்கணக்கில் 3.2 என்று காட்டுகிறது. ஒரு குத்தில் 9 வருகிறது. அந்தச் சென்சார் கெட்டது. கழற்றிவிட்டு நிறுவனத்திடம் முறையிட வேண்டும். கெட்ட ஒரு தொகுதிக்காகக் கண்காணிப்பு முறையையே கைவிடுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும். அதே நேரத்தில், பொறுப்பை முழுக்கப் பயனரின் தலையில் கட்டவும் கூடாது. விற்ற தொகுதியில் கோளாறு என்று தெரிந்ததும், அதை வாங்கியவரை அவருக்குப் புரியும் மொழியில் தேடிச் சென்று எச்சரிப்பது விற்றவரின் கடமை.

மறுபக்கத்து ஆபத்தையும் எடைபோட வேண்டும். சென்சார் பொய் என்று ஒரு முறை மனத்தில் பதிந்துவிட்டவர், அது மெய் சொல்லும் இரவிலும் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குவார். இன்சுலின் போடுபவருக்கும், கிளிக்லசைடு, கிளிபிசைடு போன்ற மாத்திரை எடுப்பவருக்கும் தாழ் சர்க்கரை உண்மையான ஆபத்து. பல ஆண்டு நோயாளிகளுக்கும் முதியோருக்கும் படபடப்பும் வியர்வையும் இல்லாமலே சர்க்கரை இறங்கிவிடும். உடலின் எச்சரிக்கை மணி மழுங்கியிருக்கும். தாழ் சர்க்கரை எவ்வளவு கொடியது என்பதைச் சிங்கப்பூர் 2008இல் கண்டது. அந்த ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், நீரிழிவே இல்லாத சுமார் 150 பேர் கடும் தாழ் சர்க்கரையோடு பொது மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். சட்டவிரோதமாக விற்கப்பட்ட பாலுணர்வு ஊக்க மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்தது. நினைவு திரும்பாமல் கிடந்த ஏழு பேரில் நால்வர் இறந்தனர். நீரிழிவே இல்லாதவரிடம் வரக்கூடாத எண் அது. கருவிக் கோளாறென்று அதைத் தள்ளிவிடாமல், ஏன் வந்தது என்று விசாரித்ததால்தான் காரணம் அகப்பட்டது. எதிர்பாராத எண்ணுக்கு நாம் தர வேண்டிய மரியாதை அதுதான். பொய் அலாரத்தின் விலை ஒரு விரல் குத்து. மெய் அலாரத்தைப் புறக்கணித்ததன் விலை ஓர் உயிராக இருக்கலாம். இந்த இரண்டு விலைகளையும் சமமாக வைத்துப் பேசுவதுதான் கழற்றி எறியச் சொல்பவர்களின் பெரும் பிழை.

எண்ணை அடியோடு நம்பாதவர்களை மறுப்பதால், எண்ணைக் கண்மூடி நம்புபவர்களோடு நான் சேர்ந்துவிடவில்லை. அந்த முகாமும் இங்கே வளர்ந்துவருகிறது. நீரிழிவே இல்லாதவர்கள் சென்சாரை ஒட்டிக்கொண்டு, இட்லிக்கு 8.4, தோசைக்கு 7.9 என்று பார்த்து இட்லியை விலக்குகிறார்கள். அமெரிக்காவின் தேசியச் சுகாதாரக் கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரு நிறுவனங்களின் சென்சார்களை அணிந்தபோது, எந்த உணவு சர்க்கரையைக் கூட்டுகிறது என்ற தரவரிசையே இரண்டிலும் மாறி வந்தது. அரை மில்லிமோல் வேறுபாட்டை வைத்து உணவுக்குத் தீர்ப்பு எழுத முடியாது என்பதே அதன் பாடம். ஒரே உணவைப் பல நாள் உண்டு, திரும்பத் திரும்ப வரும் போக்கை மட்டும் நம்பலாம். தாழ்வுக்குச் சிகிச்சை செய்யும்போதும் இந்த எச்சரிக்கை தேவை. 4.0க்குக் கீழே இறங்கியதும் 15 கிராம் சர்க்கரை எடுத்துக்கொண்டு 15 நிமிடம் கழித்துச் சோதிக்க வேண்டும் என்பது இங்கே கற்றுத்தரப்படும் முறை. இரத்தம் மீண்ட பிறகும் சென்சார் சிறிது நேரம் தாழ்வையே காட்டும். அதை நம்பி மேலும் மேலும் இனிப்பு சாப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் 14ஐத் தொடலாம். அந்தப் பதினைந்தாவது நிமிடச் சோதனையை விரலில்தான் செய்ய வேண்டும். தோலைத் துளைக்காமலே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லி விற்கப்படும் கைக்கடிகாரங்களும் மோதிரங்களும் வேறு ரகம். அப்படி எதற்கும் தான் ஒப்புதல் தரவில்லை என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பிழை உள்ள கருவிக்கும் போலிக் கருவிக்கும் இடையே உள்ள கோட்டை நாம் அழித்துவிடக் கூடாது.

வயதானவர்களுக்கு அம்புக்குறியும் விழுக்காடும் புரியுமா என்பது அடுத்த தடை. இந்தத் தலைமுறையினர் ஸ்ட்ரிப்பைச் செருகக் கற்றார்கள், இன்சுலின் பேனாவில் அலகைத் திருகக் கற்றார்கள், வங்கிச் செயலியையும் கற்றார்கள். கற்றுக்கொடுத்தால் இதையும் கற்பார்கள். கற்றுத்தருவதில்தான் குறை. ஒட்டுவது எப்படி, செயலியோடு இணைப்பது எப்படி என்பதோடு பாடம் முடிந்துவிட்டால், தாமதமும் அழுத்தப் பிழையும் முதல் நாள் பிழையும் பயனருக்குத் தெரிய வழியில்லை. தெரியாதவர் முதல் வேறுபாட்டிலேயே நம்பிக்கை இழப்பது இயல்பு. தமிழ் அதிகாரத்துவ மொழியாக இருக்கும் நாட்டில், இந்தப் பாடம் தமிழில் ஒரு பக்கத் தாளாகவேனும் சென்சாரோடு கைக்கு வர வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கையல்ல. அலகையும் அதில் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் மில்லிமோலில் அளக்கிறது. இந்தியா மில்லிகிராமில் அளக்கிறது. மில்லிமோல் எண்ணை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் எண் வரும். ஊரிலிருந்து வாங்கிவந்த மீட்டரில் 126 என்றும் இங்கே வாங்கிய சென்சாரில் 7.0 என்றும் பார்க்கும் கட்டுமானத் தொழிலாளிக்கு, இரண்டும் ஒரே அளவு என்று யாராவது சொல்லித்தர வேண்டும்.

விலை பற்றிய கேள்விதான் மிகவும் நேர்மையானது. இரண்டு வாரத்தில் தீர்ந்துபோகும் சென்சாரை ஆண்டு முழுவதும் வாங்குவது பல குடும்பங்களுக்குப் பாரம். அதை வைத்துக்கொண்டே அவ்வப்போது ஸ்ட்ரிப்பும் வாங்கச் சொல்வது கூடுதல் பாரம். எல்லாருக்கும் எப்போதும் தேவை என்று நான் வாதிடவில்லை. இன்சுலின் போடுபவர்களுக்கும், தாழ் சர்க்கரையை உணர முடியாதவர்களுக்கும், தனியே வாழும் முதியோருக்கும் இது முதன்மையான தேவை. மாத்திரையால் மட்டும் கட்டுப்பாட்டில் இருப்பவர், மருந்து மாறும்போதோ எச்பிஏ1சி காரணமின்றி ஏறும்போதோ ஒன்றிரண்டு சென்சார் போட்டு, கிடைத்த வரைபடத்தோடு மருத்துவரைப் பார்த்தாலே நிறையத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் விலை கூடுதல் என்ற காரணத்தை எண் பொய் என்ற காரணமாக மாற்றிச் சொல்லக் கூடாது. முதலாவது உதவித்தொகையாலும் மருத்துவரின் தேர்வாலும் தீர்க்கக்கூடிய பிரச்சினை. இரண்டாவது தவறான செய்தி. அதைக் கேட்டு, வாங்கும் வசதி உள்ளவரும் தேவையான நேரத்தில் அணிய மறுக்கிறார். நம் மூத்தோர் இதெல்லாம் இல்லாமல் வாழவில்லையா என்பவர்களுக்கும் ஒரு சொல். அவர்களில் எத்தனை பேர் கால் விரலையும் கண் பார்வையையும் சிறுநீரகத்தையும் இழந்து வாழ்ந்தார்கள் என்பதை அந்தக் குடும்பங்களே அறியும்.

ஆகவே சென்சார் அணிந்திருப்பவருக்கும், அணிய வேண்டுமா என்று தயங்குபவருக்கும் சொல்ல வேண்டியது இதுதான். முதல் நாள் எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். உணவுக்குப் பின் இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள். எண்ணைப் பார்க்குமுன் அம்பைப் பாருங்கள். உடலும் எண்ணும் முரண்பட்டால், எண் நம்ப முடியாதபடி இருந்தால், தாழ்வுக்கு இனிப்பு எடுத்த பிறகு, கையைக் கழுவிவிட்டு விரலில் குத்துங்கள். அறிகுறி இருந்து குத்திப் பார்க்க வழியில்லாவிட்டால், காத்திருக்காமல் தாழ் சர்க்கரை என்றே கருதி இனிப்பு எடுங்கள். நிலையான நேரத்திலும் திரும்பத் திரும்பப் பெரிய வேறுபாடு வந்தால் அந்தச் சென்சாரைக் கழற்றுங்கள், தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு முறையிடுங்கள், மாற்றிக் கேளுங்கள். இன்சுலின் அளவை மருத்துவர் சொல்லாமல் மாற்றாதீர்கள். பாலிகிளினிக்கிலோ குடும்ப மருத்துவரிடமோ அடுத்த முறை போகும்போது பதினான்கு நாள் வரைபடத்தைக் காட்டி விளக்கம் கேளுங்கள். தமிழில் விளக்கம் வேண்டுமென்றால் தயங்காமல் அதையும் கேளுங்கள். பிழையோடு கூடிய ஓர் அளவீடு, அதன் பிழையை அறிந்தவரின் கையில் பாதுகாப்பான கருவி. அந்த அறிவைப் பரப்பும் பொறுப்பு விற்பவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் உண்டு. விருந்து வீடுகளில் சென்சார் பொய் என்ற பேச்சு எழும்போது அதை மறுக்கும் பொறுப்பு நமக்கும் உண்டு.